காற்றும் பந்தும்: கொல்ப் வரலாற்றில் ஒரு பக்கம்

கொல்ப் என்றதும் நமக்கு நினைவில் வருவோர் துரைமார்தான். தொப்பியணிந்த ஒரு தோட்டத்துரை, அவருக்குப் பின்னால் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு நடக்கும் ஒரு பையன் என்ற அளவில் அந்தச் சித்திரம் முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ள கொல்ப் வரலாறுகளும் பெரும்பாலும் மாளிகைக்குள்ளிருந்துதான் ஆரம்பிக்கின்றன. எந்த அரசன் ஆடினான், எந்தக் கழகம் எப்போது அமைந்தது, எந்தக் கிண்ணத்தை யார் வென்றார் என்பவையே அவற்றின் அத்தியாயங்கள். அந்த ஆட்டத்தை உண்மையில் உருவாக்கிய காற்றைப் பற்றியும், காற்றை அறிந்திருந்த ஏழைகளைப் பற்றியும் அவற்றில் ஆங்காங்கே ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. அந்த வரிகளைச் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு வேறொரு வரலாறு தென்பட்டது. அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சிறிய, கடினமான ஒரு பந்தை மட்டையால் அடித்து, சில நூறு யார் தூரத்தில் உள்ள குழியில் விழுத்த வேண்டும். அப்படிப் பதினெட்டுக் குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவர் வெற்றியாளர். எதிராளி உங்கள் பந்தைத் தடுப்பதில்லை, பிடிப்பதுமில்லை. எதிர்ப்பு முழுவதும் நிலத்திலிருந்தும் வானத்திலிருந்தும்தான் வருகிறது.

ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையே இதன் தாய்மண். கடலுக்கும் பயிர்நிலத்துக்கும் இடையில், எதற்கும் உதவாத மணல்மேட்டுப் புல்வெளி அங்கு நீண்டு கிடக்கிறது. உழுதால் பயிர் வராது. ஆடு மேய்க்கலாம், வலை காயப் போடலாம், துணி வெளுக்கலாம். மழை பெய்தாலும் மணல் நீரை உடனே உறிஞ்சிவிடும். இத்தகைய நிலத்துக்கு ‘லிங்க்ஸ்’ என்று பெயர். முயல்களும் செம்மறிகளும் புல்லைக் கடித்துக் கடித்துக் கட்டையாக்கி வைத்தன. கடற்காற்றுக்கு ஒதுங்கி அந்த ஆடுகள் படுத்த பள்ளங்களே பிற்காலத்தில் ஆட்டக்காரரை அச்சுறுத்தும் மணற்குழிகளாயின என்று சொல்வது வழக்கம். ஒவ்வொரு குழிக்கும் இப்படியொரு பிறப்புக் கதையை நிரூபிக்க முடியாதுதான். எனினும் திடலை வடிவமைத்த பொறியியலாளர் எவரும் அக்காலத்தில் இருக்கவில்லை. காற்றும் மணலும் ஆடும் சேர்ந்து செய்த வேலைதான் அது.

இன்று கோடைகால ஆட்டமாகத் தொலைக்காட்சியில் காட்டப்படும் கொல்ப், அதன் முதல் நூற்றாண்டுகளில் பெரிதும் குளிர்கால ஆட்டமாகவே இருந்தது. காரணம் எளிமையானது. கோடையில் புல் உயர்ந்து வளர்ந்துவிடும், பந்து தொலைந்துபோகும். குளிர்காலத்திலோ புல் அடங்கிக் கிடக்கும். 1457இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னனின் பாராளுமன்றம், இளைஞர்கள் வில்வித்தையை மறந்துவிடுகிறார்கள் என்று கூறி கால்பந்தையும் கொல்ப்பையும் தடை செய்தது. கொல்ப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து ஆதாரமே ஒரு தடைச்சட்டம்தான் என்பது சுவையானது. அவனது பேரன் நான்காம் ஜேம்ஸ், 1502இல் பேர்த் நகரில் வில் செய்யும் ஒருவனிடமே கொல்ப் மட்டைகளை வாங்கினான். அவன் பிரபு ஒருவருடன் ஆடியதாக அரச கணக்கேட்டில் பதிவாகியிருப்பது 1504 பெப்ரவரியில். ஸ்கொட்லாந்து ராணி மேரி, கணவன் கொல்லப்பட்டுச் சில நாட்களிலேயே கொல்ப் ஆடினாள் என்று அவளது எதிரிகள் குற்றஞ்சாட்டியதும் 1567 பெப்ரவரி நிகழ்வைக் குறித்தே. அந்தக் குற்றச்சாட்டு உண்மையோ பொய்யோ, பெப்ரவரியில் கொல்ப் ஆடுவது அன்றைய மக்களுக்கு வியப்பாக இருக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. 1830இல் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தை உருவாக்கி, அது திடல்களுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கோடை ஆட்டம் பரவலாகச் சாத்தியமாயிற்று.

1744இல் லீத் நகரத்துக் கனவான்கள் பதின்மூன்று விதிகளை எழுதிவைத்தனர். இன்று கிடைக்கும் மிகப் பழைய கொல்ப் விதிகள் அவையே. பந்தை மனிதனோ குதிரையோ நாயோ தடுத்தால் என்ன செய்வது என்று அதில் இருக்கிறது. நீரிலோ அழுக்கு நீரிலோ விழுந்தால் என்ன செய்வது என்றும் இருக்கிறது. காற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடலில் இருப்பவன் ஈரத்தைப் பற்றி முறைப்பாடு செய்யமாட்டான் அல்லவா, அப்படித்தான்.

சென் அன்ட்ரூஸ் நகரின் பழைய திடலைப் பார்த்தால் காற்றின் கையெழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும். நகர எல்லையில் ஆரம்பித்து, கடலையொட்டி ஒரே திசையில் நீண்டு சென்று, ஈடன் நதி கடலில் கலக்கும் முகத்துவாரத்தருகே ஒரு கொக்கிபோல வளைந்து, வந்த வழியே திரும்பிவிடும். 1764 வரை இங்கு ஒரு சுற்று என்பது இருபத்திரண்டு குழிகள். அவ்வாண்டில் அது பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. பின்னர் உலகம் முழுவதும் அதுவே கணக்காயிற்று. போகும்போது காற்று முகத்தில் அடித்தால் வரும்போது முதுகில் தள்ளும். ஆட்டத்தின் நடுவில் காற்று திசை மாறினால் இரு பாதியும் எதிர்காற்றாகவே அமைந்துவிடுவதும் உண்டு. அத்துடன், இந்தத் திடலை இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் மாற்றி மாற்றி ஆடும் வழக்கமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்தது. ஒரே நிலம், இரண்டு திடல்கள்.

இந்த நிலத்தில் பந்தை உயரத் தூக்கி அடிப்பவன் பிழைக்கமாட்டான். பந்து எவ்வளவு நேரம் வானில் இருக்கிறதோ அவ்வளவு நேரம் அது காற்றின் சொத்து. எனவே தாழ்வாக அடித்து, நிலத்தில் விழச் செய்து, மேடு பள்ளங்களின் வழியே உருட்டிக் குழியருகே சேர்ப்பது அந்தக் கரையின் கலையாக வளர்ந்தது. பந்தைக் காலடியில் சற்றுப் பின்னுக்கு வைத்து, மட்டையைச் சுருக்கமாக வீசி, அடித்த பின் கையை உயர்த்தாமல் நிறுத்திக்கொள்வார்கள். எதிர்காற்றில் பலமாக அடிக்கத் தோன்றுவது மனித இயல்பு. அதுவே பெரும் பிழை. பலமாக அடித்தால் பந்து அதிகம் பின்னோக்கிச் சுழலும். அந்தச் சுழற்சி, எதிர்காற்றின் வேகத்தோடு சேர்ந்து பந்தை மேலே மேலே தூக்கும். பந்து பட்டம்போல எழுந்து, முன்னேறாமல் செங்குத்தாக விழும். பெரிய மட்டையை எடுத்து மெதுவாக அடிப்பவனே எதிர்காற்றைக் கடப்பான். சென் அன்ட்ரூஸில் மட்டை சுமப்பவர்களுக்கு இது ஏட்டுப்படிப்பு இல்லாமலே தெரிந்திருந்தது.

அந்த மட்டை சுமப்பவர்கள் யார்? கடலுக்குப் போக முடியாத நாட்களில் கூலிக்கு வந்த மீனவர்களும் அவர்களில் பலர். வானத்தையும் அலையையும் பார்த்து நாளைய காற்றைச் சொல்லக்கூடியவர்கள். கனவான் எந்த மட்டையை எடுப்பது, பந்தை எவ்வளவு வலப்பக்கம் தள்ளி அடிப்பது என்பதைச் சொல்வது அவர்களது வேலை. வென்றால் பதக்கம் கனவானுக்கு. இவர்களுக்குச் சில நாணயங்கள். கழகங்களின் பதிவேடுகளில் கனவான்களின் பெயர்கள் ஆண்டு வாரியாக இருக்கின்றன. மட்டை சுமந்தவர்களில் பட்டப்பெயரோடு மாத்திரம் நினைக்கப்படுவோரே அதிகம்.

அந்த வகுப்பிலிருந்து மேலே வந்த ஒருவர் ஓல்ட் டொம் மொரிஸ். நெசவாளி ஒருவரின் மகனாக 1821இல் பிறந்தவர். அலன் றொபட்சன் என்பவரின் பட்டறையில் பந்து செய்யப் பழகினார். அன்றைய பந்து தோலால் தைத்து, உள்ளே அவித்த இறகுகளைத் திணித்துச் செய்யப்பட்டது. ஒரு தொப்பி நிறைய இறகு ஒரு பந்துக்குப் போகும் என்பார்கள். ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு மூன்று நான்கு பந்துகள் செய்தாலே பெரிது. மழையில் நனைந்தால் பந்து கனத்துவிடும், தையல் பிரிந்துவிடும். குளிர்கால ஆட்டம், மழைநாடு, நனைந்தால் பழுதாகும் பந்து! ஏழை எப்படி ஆடுவான்?

இவ்விடத்தில் கதை நம் பக்கத்துக் கடலுக்கு வருகிறது. மலாய்த் தீவுகளின் காடுகளில் ஒரு மரம் உண்டு. அதன் பாலை மலாய் மக்கள் ‘கெத்தா பெர்ச்சா’ என்றழைத்தனர். ‘கெத்தா’ என்றால் பிசின் அல்லது மரப்பால். வெந்நீரில் இட்டால் இளகும், ஆறியதும் இறுகும். கத்திப் பிடிகளும் கருவிப் பிடிகளும் செய்ய அவர்கள் அதனைப் பயன்படுத்தி வந்தனர். சிங்கப்பூரில் இருந்த மொண்ட்கொமரி என்ற வைத்தியர் 1843இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். ஐந்து ஆண்டுகளில், 1848 அளவில், அது ஸ்கொட்லாந்தில் பந்தாகிவிட்டது. மலாய்ச் சொல் ஆங்கில நாவில் ‘கட்டா பேர்ச்சா’வாகி, பந்துக்கு ‘கட்டி’ என்று செல்லப் பெயரும் வந்தது. விலை மலிவு. நனையாது. நசுங்கினால் மீண்டும் சூடாக்கி உருட்டிக்கொள்ளலாம். சாதாரண மக்கள் ஆட்டத்துக்குள் வர முடிந்ததற்கு எந்தக் கழகத்தின் பெருந்தன்மையும் காரணமல்ல, மலாய்க் காட்டின் மரப்பாலே காரணம் என்பது என் கருத்து.

அலன் றொபட்சன் இதனை வெறுத்தார். இறகுப் பந்துதான் அவரது பிழைப்பு. புதிய பந்துகளைத் தேடி வாங்கி நெருப்பிலிட்டார் என்றுகூடச் சொல்வர். டொம் மொரிஸ் புதிய பந்தால் ஆடுவதைக் கண்டு கோபித்துக்கொள்ள, இருவரும் பிரிந்தனர். 1851இல் மொரிஸ் மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ட்விக் நகருக்குத் திடல் காப்பாளராகச் சென்றார். 1860இல் முதலாவது பகிரங்கச் சுற்றுப்போட்டி நடந்தது அங்கேதான். எட்டுப் பேர் கலந்துகொண்டனர்.

மரப்பால் பந்துக்கும் பருவத்தோடு ஒரு பிணக்கு இருந்தது. கடுங்குளிரில் அது உடையும். உடைந்தால் பெரிய துண்டு கிடக்கும் இடத்திலிருந்து புதிய பந்தால் தொடரலாம் என்று விதி வகுத்தார்கள். இன்னொரு விசித்திரமும் தெரியவந்தது. புத்தம் புதிய வழுவழுப்பான பந்து சிறிது தூரம் பறந்து பொத்தென்று விழுந்தது. அடிபட்டு வெட்டுக்காயம் பட்ட பழைய பந்தோ நெடுந்தூரம் நேராகப் பறந்தது. ஆட்டக்காரர்களும் மட்டை சுமப்பவர்களும் இதைக் கண்டுகொண்டு, புதிய பந்தைச் சுத்தியலால் தட்டிக் காயப்படுத்தி விற்கும் பழக்கம் வந்தது. காரணம் புரியப் பிறகும் காலம் எடுத்தது. 1890களில் எடின்பரோ பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் பீற்றர் கத்ரி டெயிட், பந்தின் பின்னோக்கிய சுழற்சியே அதனை வானில் தாங்குகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். அவரது மகன் பிரெடி டெயிட் அக்காலத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். 1900இல் தென்னாபிரிக்கப் போரில் கொல்லப்பட்டார். 1905இல் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயர், பந்தின் மேற்பரப்பில் சிறு குழிகளை இடும் முறைக்குக் காப்புரிமை கோரினார. அக்குழிகள் பந்தை ஒட்டிச் செல்லும் காற்றுப் படலத்தைக் கலைத்து, அது பந்தை விட்டு விரைவில் பிரியாமல் பார்த்துக்கொள்கின்றன. பின்னிழுப்புக் குறைகிறது. இன்றைய பந்தின் அம்மைத்தழும்பு முகம் அன்றைய வெட்டுக்காயங்களின் வாரிசுதான்.

மரத்துக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இறப்பர் மரத்தைப்போல் வெட்டுக்கீறிப் பால் எடுக்கும் முறை அன்று கைக்கொள்ளப்படவில்லை. மரத்தையே வீழ்த்திப் பாலை எடுத்தனர். பந்துக்குப் போனது சிறு துளி. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிடவே பெரும்பகுதி போயிற்று. சில தசாப்தங்களில் சிங்கப்பூர்த் தீவில் அந்த மரம் காண்பதற்கு அரிதாயிற்று. கொல்ப் வரலாறுகள் இப்பந்தை ஒரு ‘புரட்சி’ என்று கொண்டாடும்போது, அந்தக் காட்டின் கணக்கையும் ஒரு வரியில் எழுதியிருக்கலாம்.

குளிரின் கதையில் மறக்க முடியாத ஒருவர் டொம் மொரிஸின் மகன். தந்தையின் பெயரே அவருக்கும். இளைய டொம் என்பார்கள். 1868 முதல் 1872 வரை நடந்த பகிரங்கப் போட்டிகள் நான்கையும் வென்றவர் (1871இல் போட்டி நடக்கவில்லை). 1875 செப்டெம்பரில் நோர்த் பெரிக் நகரில் தந்தையும் மகனும் ஆடிக்கொண்டிருந்தபோது, மனைவிக்குப் பிரசவ வேதனை கடுமை என்று தந்தி வந்தது. ரயிலில் சுற்றிப் போனால் தாமதம் என்று, ஒருவர் தந்த பாய்மரப் படகில் கடற்கழியைக் கடந்து ஊருக்கு விரைந்தனர். தாயும் சேயும் மௌத்தாகிவிட்ட செய்திதான் அவருக்கு எஞ்சியது. அந்த ஆண்டின் குளிர்காலத்திலேயே மோல்ஸ்வேர்த் என்ற ஆங்கிலேயருடன் ஒரு நெடும் பந்தயம். சென் அன்ட்ரூஸில் தரையெல்லாம் பனி. நிறுத்தாமல் ஆடினார், வென்றார். டிசம்பர் 25ஆம் திகதி காலமானபோது வயது இருபத்துநான்கு. மனமுடைந்து இறந்தார் என்று மக்கள் பேசிக்கொண்டனர். முதியவர் டொம் மகனுக்குப் பின்னர் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, சென் அன்ட்ரூஸ் திடலுக்கு மணல் இட்டு இட்டு அதனைப் பேணி, 1908இல் காலமானார்.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கர் வந்தனர். அவர்களது திடல்கள் பெரும்பாலும் உள்நாட்டில், மரங்கள் சூழ, மென்மையான புற்றரையில் அமைந்தவை. பந்தை உயரத் தூக்கி அடித்து, விழுந்த இடத்திலேயே நிறுத்துவது அவர்கள் பாணி. அத்தகையோருக்குச் சென் அன்ட்ரூஸ் என்ன செய்யும் என்பதற்கு பொபி ஜோன்ஸ் நல்ல உதாரணம். 1921இல் பத்தொன்பது வயதில் அவர் அங்கு வந்தார். மூன்றாம் சுற்றில் காற்று வலுத்தது. முதல் ஒன்பது குழிகளுக்கு நாற்பத்தாறு அடிகள். பத்தாவதிலும் சறுக்கினார். முகத்துவாரக் கரையிலுள்ள பதினோராவது குழியில் பந்து மணற்குழிக்குள் மாட்டிக்கொண்டது. சில அடிகளுக்குப் பிறகு பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்து விலகிவிட்டார். ஆறு ஆண்டுகளின் பின் 1927இல் அதே திடலில் 285 அடிகளில் பகிரங்கப் போட்டியை வென்றார். இடையில் அவர் கற்றுக்கொண்டது, வரையப்பட்ட ஒரு பாதையைப் பின்பற்றாமல் அன்றைய காற்றுக்கு அன்றைய பாதையைத் தேடுவதை. 1958இல் அந்நகரம் அவருக்குக் கௌரவப் பிரஜையுரிமை அளித்தது. அவருக்கு முன் அதைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்ளின் ஒருவரே.

பந்தின் அளவு பற்றிய தகராறும் உண்மையில் காற்றுத் தகராறே. 1.62 அங்குல விட்டமுள்ள பிரித்தானியப் பந்து சிறியது. காற்றைக் கிழித்துச் செல்லும். அமெரிக்கர் 1931இல் பந்தை 1.68 அங்குலமாகப் பெருப்பித்து, எடையை 1.55 அவுன்ஸாகக் குறைத்தனர். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ‘பலூன் பந்து’ என்று ஆட்டக்காரர் கேலி செய்தனர். மறு வருடமே எடையைப் பழையபடி 1.62 அவுன்ஸாக்கினர்; அளவு மட்டும் பெரிதாகவே நின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உலகத்தில் இரண்டு பந்துகள் இருந்தன. 1974இல் பகிரங்கப் போட்டியில் பெரிய பந்து கட்டாயமாயிற்று. 1990இல் சிறிய பந்து முற்றாக விதிகளிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு சந்தையாக உலகம் சுருங்கும்போது, ஒரு கரையின் காற்றுக்கென்று உருவான பொருள் இவ்வாறுதான் மறைகிறது.

நமது நாட்டுக்கு இந்த ஆட்டம் வந்ததும் ஸ்கொட்லாந்துக்காரரின் கப்பலில்தான். கோப்பித் தோட்டக்காரர்களில் பெருந்தொகையினர் அந்நாட்டின் வடகிழக்குக் கரையோர மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். லூல்கந்துரையில் 1867இல் தேயிலையை நட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்காடின்சயரில் பிறந்தவர். கொழும்புக் கொல்ப் கழகம் 1879இல் அமைந்தபோது அதன் முதல் திடல் காலிமுகத்திடல். கடற்கரைப் புல்வெளி, முகத்தில் அடிக்கும் கடற்காற்று. ஸ்கொட்லாந்துக்காரனுக்கு ஊர் நினைவு வந்திருக்கும். ஆனால் அங்கே காற்று நாளுக்கு நாள் மாறும். இங்கே மே முதல் செப்டெம்பர் வரை ஒரே முகமாக வீசும். ‘மொன்சூன்’ என்ற சொல்லே பருவம் எனப் பொருள்படும் ‘மவ்சிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. நமது மூதாதையரின் மரக்கலங்கள் அந்த மவ்சிமைக் கணக்கிட்டே வந்தன, போயின. 1896இல் கழகம் கரையைவிட்டுப் பொரளைக்குச் சென்றது. அன்றைய தேசாதிபதி ரிட்ஜ்வேயின் பெயர் திடலுக்கு இடப்பட்டது. 1928இல் ‘ரோயல்’ பட்டமும் கிடைத்தது. களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை அந்தத் திடலின் ஊடாகவே செல்கிறது. ரயில் வரும்போது ஆட்டக்காரர் ஒதுங்கி நிற்பார்கள். ‘லிங்க்ஸ்’ என்ற பெயரைத் திடல் வைத்துக்கொண்டது. கடலையும் மணலையும் விட்டுவந்தது. ஈரத் தரையில் பந்து உருளாது. ஆகவே கொழும்பில் பழகியவனின் ஆட்டம் தூக்கி அடிக்கும் ஆட்டமாகவே அமையும்.

1889இல் தொடங்கிய நுவரெலியாத் திடலின் நியாயம் வேறு. நான் அந்த நகரில் நான்கு வருடங்கள் ஆசிரியனாக இருந்தேன். மட்டையைத் தொட்டதில்லை, வேலியோரமாகப் பாடசாலைக்குப் போய்வந்ததுதான். என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தந்தை அங்கு மட்டை சுமப்பவர். ‘கெடி’ என்றுதான் அவரே தன்னைச் சொல்லிக்கொள்வார். “கொழும்புலயிருந்து வர்ற தொரமாரு பந்து ரொம்பத் தூரம் போவுதுன்னு சந்தோஷப்படுவாங்க சேர். குழியைத் தாண்டிப் போயிரும். அப்புறம் என்னையப் பார்ப்பாங்க” என்று ஒருமுறை சொன்னார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரம். கொழும்பைவிட வளியின் அடர்த்தி அங்கே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பந்தை இழுத்துப் பிடிக்க வளி போதாது. குளிர் அந்த வேறுபாட்டைச் சற்றுக் குறைக்கிறது. குளிர்ந்த வளி அடர்த்தி கூடியது. கெடிக்கு இந்தக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்றோடு மூடுபனி இறங்கும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “கீழ காத்து இருக்காது சேர். சைப்ரஸ் மரத்து உச்சியப் பார்க்கணும். பந்து அங்கதானே போவுது” என்றார்.

எங்கள் ஊரில் கரைவலைத் தண்டயல் ஒருவர் அலையைப் பார்க்காமல் தூரத்துக் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது என் ஞாபகத்துக்கு வந்தது. கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கும் சமூகம் நாம். கச்சானில் எந்த மீன் எங்கே ஒதுங்கும், வாடை தொடங்க எத்தனை நாள் முன்னர் கடல் நிறம் மாறும் என்பதெல்லாம் அவர்களின் வாய்களில் மாத்திரமே இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளின் இந்தக் காற்றறிவைத் தொகுத்து எழுதும் வேலையை நம்மில் எவரேனும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையை இடையில் சொல்லிவைக்கிறேன்.

மீண்டும் ஸ்கொட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் வருவோம். 1938இல் இங்கிலாந்தின் சான்ட்விச் நகரில் நடந்த பகிரங்கப் போட்டியின் இறுதி நாளில் புயல். கண்காட்சிக் கூடாரம் கிழிந்து பறந்தது. அல்ப் பட்காம் என்பவர் காற்றின் முதுகில் ஏறி, ஏறக்குறைய 380 யார் தூரக் குழியின் பசுந்தளத்தை ஒரே அடியில் அடைந்தார். எதிர்காற்றிலோ நல்ல ஆட்டக்காரர்களும் திண்டாடினர். ரெஜ் விற்கம்ப் அன்று 75, 78 என்று அடித்தும் வென்றார். ஆட்டத்தை நிறுத்தும் எண்ணம் எவருக்கும் வரவில்லை. 2002இல் மியூர்பீல்டில் மூன்றாம் சுற்றன்று குளிர்மழையும் காற்றும் சேர்ந்து வந்தபோது, அவ்வாண்டின் இரு பெரும் போட்டிகளை வென்றிருந்த டைகர் வூட்ஸ் 81 அடித்தார். அன்றும் ஆட்டம் நடந்தது. 2015இல் சென் அன்ட்ரூஸில் சனிக்கிழமை காற்றினால் ஆட்டம் பத்து மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தப்பட்டது. போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது.

காற்று வலுத்துவிட்டதா? அதனைவிட நேரடியான காரணம் தரையில் இருக்கிறது. குழியைச் சுற்றியுள்ள பசுந்தளத்தை இன்று கண்ணாடிபோல வெட்டுகிறார்கள். வைத்த பந்தே நகர்ந்து ஓடிவிடுகிறது. செம்மறி மேய்ந்த புல்லில் அது அசையாமல் நின்றிருக்கும். வேகமான தளம் வேண்டும் என்பது ஆட்டக்காரரின் விருப்பம், தொலைக்காட்சியின் விருப்பம். அந்த விருப்பத்துக்காக ஆட்டத்தின் மூத்த எதிராளியையே மைதானத்திலிருந்து வெளியேற்ற வேண்டியதாகிறது. விதிகளும் பின்னால் ஓடின. அடிக்க ஆயத்தமாகி நின்றபின் பந்து காற்றில் நகர்ந்தாலும் ஆட்டக்காரருக்கே ஓரடி தண்டனை என்றிருந்தது. 2012இல், அவர் அசைக்கவில்லையென்றால் தண்டனையில்லை என்றாயிற்று. 2019இல், பசுந்தளத்தில் எடுத்து மீள வைத்த பந்தைக் காற்று நகர்த்தினால் பழைய இடத்திலேயே மீண்டும் வைக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. 1744இல் பெயரே குறிப்பிடப்படாத காற்றுக்கு இப்போது சட்டப் புத்தகத்தில் தனி ஏற்பாடு.

2022 ஜூலையில் நூற்றைம்பதாவது பகிரங்கப் போட்டி சென் அன்ட்ரூஸில் நடந்தது. மழையில்லாக் கோடை, தரை பழுப்பேறிக் கிடந்தது. பெருங்காற்று வரவேயில்லை. அவுஸ்திரேலியரான கமரன் ஸ்மித் 268 அடிகளில், இருபது அடி குறைவாக முடித்து வென்றார். அங்கிருந்து வடக்கே மொன்ட்ரோஸ் நகரின் பழைய திடலைக் கடல் ஆண்டுதோறும் அரித்துவருகிறது. அங்கே கரையோரத்து ஆரம்ப மேடொன்றைக் கைவிட்டு, குழிகளை உள்ளே தள்ளி அமைக்க வேண்டியதாயிற்று. ஒலுவில் கரையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இங்கே அம்பாந்தோட்டையில் 2016இல் ஓர் உல்லாச விடுதியோடு பதினெட்டுக் குழித் திடல் திறக்கப்பட்டது. கடலோரம், வரண்ட நிலம், ஓயாத காற்று. அதே கரையில் 1999இல் நாட்டின் முதலாவது காற்றாலைகள் நிறுவப்பட்டன. அம்பாந்தோட்டை மலாய்ச் சகோதரர்களின் ஊருமாகும். அவர்களது பாட்டன்மார் மொழியில் ‘கெத்தா’ என்றால் மரப்பால்.